பழைய தகர ஷெட் ஒழுகுகிறதா? ஸ்க்ரூ, டேப், கோட்டிங், மேல்ஷீட், புது ஷீட்: எதற்குக் காசு போடலாம்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஹார்டுவேர் கடைகளில் தார்ப்பாய்ச் சுருளும் வாட்டர்ப்ரூஃப் டப்பாவும் வாசலுக்கு வந்துவிடும். தகர ஷெட் வைத்திருக்கிறவர்களுக்கு அப்போதுதான் போன வருஷத்து ஒழுகல் ஞாபகம் வரும். யாரிடம் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். பெயின்டர் கோட்டிங் அடிக்கலாம் என்பார். வெல்டிங் பட்டறைக்காரர் மொத்தமாகக் கழற்றிவிட்டுக் கலர் ஷீட் போடச் சொல்வார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் "எம்-சீல் வெச்சு அடைச்சு விடுங்க, போதும்" என்பார். அவரவர் கையில் இருப்பதை அவரவர் சொல்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தகரக் கூரையில் தண்ணீர் பெரும்பாலும் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு இறங்குவதில்லை. ஷீட்டை மாட்டியிருக்கும் ஸ்க்ரூ, போல்ட் ஓட்டை வழியாகவும், ஷீட்டும் ஷீட்டும் ஏறி உட்காரும் லேப் வழியாகவும்தான் இறங்குகிறது. அதைப் பார்க்காமல் கூரை முழுக்க டப்பா டப்பாவாக ஊற்றுகிறவர்களும், இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய ஷீட்டைப் பழைய இரும்புக்காரருக்கு எடை போடுகிறவர்களும்தான் அதிகம்.

இங்கே பேசுவது நெளி வைத்த ஜிஐ தகரம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு ஷீட் பற்றி மட்டும். உங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் இதில் எதையும் அதில் செய்ய வேண்டாம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, துளை போடுவது, கிரைண்டரில் அறுப்பது எல்லாமே அதன் நாரைக் காற்றில் கலக்கவிடும். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு.

## முதலில் பார்க்க வேண்டியவை

தண்ணீர் எங்கே இறங்குகிறது? உச்சி வெயிலில் ஷெட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஓட்டை இருக்கும் இடமெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். லேப்பில் இறங்கும் தண்ணீர் இப்படித் தெரியாது. அதற்கு ஓஸ் பைப் வேண்டும். ஒருவர் உள்ளே நிற்க, இன்னொருவர் தாழ்வான ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு பர்லின் (ஷீட்டை அடியில் தாங்கும் குறுக்கு ஆங்கிள்) வரிசையாக மேலே ஏற வேண்டும். முகட்டிலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எங்கே இறங்கியது என்றே தெரியாது. சொட்டுகிற இடமும் ஓட்டையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே வந்த தண்ணீர் ஷீட்டின் அடியிலேயே ஓடி, பர்லினில் முட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பல அடி தள்ளிக்கூடச் சொட்டும். ஈரத்தடத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டுப்பக்கம் போங்கள்.

ஒன்றைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். மழையே இல்லாத மார்கழி விடியலில் ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நின்று சொட்டினால் அது ஒழுகல் அல்ல. உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு வேர்க்கிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கத்து ஷெட்டுகளில் இது சகஜம். முகட்டில் காற்று வெளியேற வழி செய்தால் குறையும். மேலே எவ்வளவு கோட்டிங் அடித்தாலும் நிற்காது.

ஷீட்டில் இன்னும் உயிர் இருக்கிறதா? ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துருப்பிடித்த இடத்தில் கையால் அழுத்துங்கள். பழுப்புத் தூள் மட்டும் உதிர்ந்து, அடியில் இரும்பு கெட்டியாக நின்றால் மேல்துரு, காப்பாற்றலாம். முனை உள்ளே இறங்கிவிட்டால் அந்த ஷீட் முடிந்தது. சோதிக்க வேண்டிய இடம் நடு ஷீட் அல்ல. லேப்பின் அடிப்பக்கம், பர்லின் மேல் உட்கார்ந்திருக்கும் இடம், தாழ்வாரத்து ஓரம் ஆகிய மூன்றில்தான் புழுதியும் இலைக்குப்பையும் ஈரத்தைப் பிடித்து வைத்து முதலில் அரிக்கும்.

கீழே என்ன இருக்கிறது? விறகும் பழைய டயரும் கிடக்கும் ஷெட்டில் நாலு சொட்டு விழுந்தால் ஒன்றுமில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் தறியில் ஓடும் பாவு நூலின் மேல் ஒரு துருத்தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் அந்தக் கறை துணியோடு போய்ச் சேரும். உர மூட்டை, கடலைக்காய், மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும் இடத்திலும் ஒரு சொட்டு அதிகம்தான்.

சரிவு எவ்வளவு? நெளி தகரத்துக்கு 10 டிகிரி சரிவாவது இருந்தால் நல்லது. அதாவது 20 அடி அகலத்துக்குச் சுமார் மூன்றரை அடி இறக்கம். நம் ஊர் ஒற்றைச் சாய்வு ஷெட்டுகளில் ஒரு அடி, ஒன்றரை அடிக்கு மேல் இறக்கம் வைப்பது அபூர்வம். தண்ணீர் மெதுவாக ஓடும். எதிர்க்காற்று அடித்தால் லேப்புக்குள் பின்னோக்கி ஏறும்.

இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்? இடம் வாடகையா, சொந்தமா? அடுத்த வருஷம் இடித்துக் கான்கிரீட் போடும் எண்ணம் உண்டா? ஒரே ஒழுகலுக்கு இரண்டு பேருக்கு இரண்டு பதில் வருவது இந்தக் கேள்வியால்தான்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை. காரணங்கள் அதற்குக் கீழே.

| வழி | எந்த நிலைக்கு | செலவு | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|
| ஸ்க்ரூ, வாஷர், லேப் | ஷீட் கெட்டி, மாட்டல் தளர்ந்தது | குறைவு | பழைய ஜே போல்ட் ஓட்டைகள், கூலி |
| டேப், ஒட்டு | எண்ணிச் சொல்லும்படியான ஓட்டைகள் | மிகக் குறைவு | சுத்தம் செய்யும் நேரம், திரும்பப் போடுவது |
| கோட்டிங் | பரவலான மேல்துரு, ஓட்டை இல்லை | நடுத்தரம் | துரு எடுக்கும் வேலை, நெளியின் கூடுதல் பரப்பு |
| மேல்ஷீட் | உள்ளே வேலையை நிறுத்த முடியாது, சட்டம் பலம் | அதிகம் | இடைச்சட்டம், அடியில் தொடரும் துரு |
| புது ஷீட் | ஷீட் ஓட்டை, லேப் அரித்தது | மிக அதிகம் | பர்லின் பழுது, வேலை நிற்கும் நாட்கள் |

## ஸ்க்ரூ, வாஷர் மாற்றி லேப்பை அடைப்பது

என்னைக் கேட்டால் ஒழுகும் ஷெட்டுகளில் பாதிக்கு மேல் இங்கேயே முடித்துவிடலாம்.

தகரம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 20 அடி நீளத்தில் ஷீட்டின் சூடு 40 டிகிரி ஏறி இறங்கினால் நீளம் சுமார் 3 மி.மீ. கூடிக் குறையும். தினமும் இந்த இழுபறி நடக்கும்போது ஸ்க்ரூ சுற்றியுள்ள ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவத்துக்குப் போகும். மேலே உள்ள ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். ஷீட் அப்படியே நல்லபடி இருக்கும். தண்ணீர் மட்டும் இறங்கும்.

ரூஃபிங் ஸ்க்ரூ போட்ட ஷெட்டில் வேலை எளிது. பழையதைக் கழற்றி, வெயிலைத் தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் வாஷரோடு வரும் புதுசைப் போட வேண்டும். ஓட்டை பெரிதாகிப் பிடிக்காமல் சுற்றினால் 5.5 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பதில் 6.3 மி.மீ. கேளுங்கள். 600 சதுர அடி ஷெட்டில் 6 பர்லின் வரிசை, வரிசைக்கு 35 முதல் 40 என்று வைத்தால் 200-க்கு மேல் ஸ்க்ரூ வேண்டியிருக்கும். ஒழுகுகிறதை மட்டும் மாற்றுவது மிச்சம் மாதிரித் தெரியும். ஆனால் எல்லா வாஷரும் ஒரே நாளில் போட்டவை, ஒரே வெயிலில் காய்ந்தவை. அடுத்த மழைக்கு மிச்சமிருப்பவை வரிசையில் நிற்கும், நீங்களும் திரும்ப ஏணி வைக்க வேண்டியிருக்கும்.

ஸ்க்ரூ நெளியின் மேட்டில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். இறுக்குவதிலும் ஒரு அளவு உண்டு. வாஷரின் ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கித் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். டிரில்லை விடாமல் அழுத்தி, ரப்பர் நசுங்கி வெளியே வந்து, மேடு குழியாகிவிட்டால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். புதுசாக ஒரு ஒழுகலைக் காசு கொடுத்து வாங்கிய மாதிரி.

பழைய ஷெட்டுகளில் ரூஃபிங் ஸ்க்ரூ இருக்காது. ஆங்கிளைக் கொக்கி போட்டுப் பிடிக்கும் ஜே போல்ட்டும் தார் வாஷரும்தான் இருக்கும். அந்த ஓட்டை 8 மி.மீ.க்கு மேல். அதுவும் பர்லினுக்கு நேர் மேலே இருக்காது, பக்கத்தில் இருக்கும். அதற்குள் ஸ்க்ரூ போட்டால் கடிக்க இரும்பே கிடைக்காது. ஒன்று, புது ஜே போல்ட் வாங்கி, குழி வாஷருக்கு அடியில் நல்ல ரப்பர் வாஷர் வைத்துப் பழைய இடத்திலேயே பூட்டுவது. இல்லையென்றால் பர்லின் நடுவில் புது ஸ்க்ரூ போட்டுவிட்டுப் பழைய ஓட்டையைத் தகரத் துண்டு வைத்து ரிவெட் அடித்து அடைப்பது. இரண்டாவது நன்றாக இருக்கும், ஆனால் கூலி கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கொட்டேஷனில் இதை யாரும் எழுத மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். துருப்பிடித்த நட்டைக் கிரைண்டரில் அறுத்தால் தெறிக்கும் பொறியை அன்றைக்கே கூட்டித் தள்ளச் சொல்லுங்கள். சுடச்சுட ஷீட்டில் ஒட்டிய ஒவ்வொரு இரும்புத் துகளும் ஒரு மழைக்குள் துருப்புள்ளியாகிவிடும்.

லேப்புக்கு வருவோம். ஷீட் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ.யாவது ஏறியிருக்க வேண்டும். சரிவு குறைவென்றால் இன்னும் கூட. குறைவாக இருந்தால் மேலே பூசி அடைப்பதில் பயனில்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி, மேல் ஷீட்டைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே இருக்கும் குப்பையை எடுத்துவிட்டு, பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) பட்டை வைத்து மறுபடி இறுக்க வேண்டும். குழாய் சிலிகான் வாங்கினால் வினிகர் வாடை அடிப்பதை வாங்காதீர்கள். காயும்போது அதிலிருந்து வரும் அமிலம் தகரத்தின் துத்தநாகப் பூச்சைத் தின்னும். 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஷீட் கெட்டியாக இருக்கும் யாருக்கும் முதல் வழி இதுதான்.

## டேப், தகர ஒட்டு

கைவிரலால் எண்ணிவிடக்கூடிய ஓட்டைகளுக்கு. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் டேப் இப்போது சின்ன ஊர்க் கடைகளில்கூடக் கிடைக்கிறது. கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, தின்னர் தொட்டுத் துடைத்து, காய்ந்த ஷீட்டில் ஒட்டி, நெளியின் வளைவுக்குள் விரலால் நன்றாக அழுத்திவிட வேண்டும். புழுதி மேல் ஒட்டினால் அது புழுதியோடுதான் ஒட்டும்.

உள்ளங்கை அளவு ஓட்டை என்றால் அதே நெளியில் ஒரு துண்டு ஷீட் வெட்டி, ஓரம் முழுக்க சீலன்ட் வைத்து, நெருக்கமாக ரிவெட் அடிப்பதே சரி. ஒட்டின் மேல் முனையை மேல் ஷீட்டின் அடியில் செருக முடிந்தால் விட்டுவிடாதீர்கள். மேலிருந்து வரும் தண்ணீருக்கு நுழைய விளிம்பே இருக்காது.

எம்-சீல் போன்ற கல்லாகக் காயும் பொருளும் சிமென்ட்டும் இங்கே வேண்டாம். ஷீட் நீண்டு சுருங்கும்போது அவை கூடவே அசையாது. ஒரு கோடை போதும், ஓரத்தில் விட்டுவிடும். ஷீட் சுவரைத் தொடும் இடத்தில் சிமென்ட் பூசி அடைப்பது நம் ஊர்ப் பழக்கம். பெரும்பாலான சுவரோர ஒழுகலுக்கு அந்த வெடிப்புதான் காரணம். சுவரில் காடி வெட்டி, தகரப் பட்டையின் ஒரு முனையை அதில் செருகி, மறுமுனையை ஷீட் மேல் படரவிட்டால் இரண்டும் தனித்தனியாக அசையலாம்.

வாடகை ஷெட், இந்த மழையை மட்டும் ஓட்ட வேண்டும் என்றால் டேப் போதும். ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஓட்டை முளைக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள், ஷீட் போய்விட்டது.

## மேலே கோட்டிங் அடிப்பது

டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். கோட்டிங் கெட்ட பொருள் அல்ல. துரு மேலோட்டமாகப் பரவி, ஓட்டை விழாத ஷீட்டுக்கு அது நல்ல போர்வை. வெள்ளை அக்ரிலிக் அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். உள்ளே சூடு தணிவது உடம்பிலேயே தெரியும். மேல்ஷீட்டும் புது ஷீட்டும் கட்டுப்படியாகாத கோழிப்பண்ணைக்காரருக்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் தளர்ந்த ஸ்க்ரூவின் மேல் அடித்த கோட்டிங் அந்த ஸ்க்ரூ அசையும்போது வெடிக்கும். லேப்புக்கு வெளியே பூசினால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியிலிருந்து அரிக்கும். ஆகவே ஸ்க்ரூ வேலையை முடித்துவிட்டுத்தான் கோட்டிங். அதாவது இது முதல் வழிக்கு மாற்று அல்ல, அதன்மேல் வரும் செலவு.

அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெயின்டர் நீளம் பெருக்கல் அகலம் என்று அளந்து டப்பா கணக்குச் சொல்வார். நெளியின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் 100 சதுர அடிக்குப் பூச வேண்டியது 110 முதல் 115 சதுர அடி. இரண்டு கை அடிப்பதற்கு வாங்கியது ஒன்றரைக் கையோடு தீர்ந்துபோய், கடைசியில் தண்ணீர் கலந்து இழுப்பது இப்படித்தான். துருவை எடுத்து பிரைமர் அடிக்கும் கூலி சில சமயம் கோட்டிங் விலையையே தாண்டும். அதைக் குறைத்துத்தான் மலிவுக் கொட்டேஷன் வரும். ஸ்க்ரூ தலைக்கும் லேப்புக்கும் வலைத்துணி வைத்து அடிக்கிறார்களா என்று மேலே ஏறிப் பாருங்கள்.

பங்குனி, சித்திரையில், காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் அடிப்பது நல்லது. உச்சிவேளையில் தகரம் கொதிக்கும்போது அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்புளம் வரும். மழைக்கு இரண்டு நாள் முன்னால் அடிக்கும் அவசரக் கோட்டிங்குக்குக் கொடுப்பது வீண் காசு.

## பழைய ஷீட் மேலேயே புது ஷீட்

தறி ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு நாள்கூடக் கூரையைத் திறக்க முடியாது என்கிறவர்களுக்கு இது ஆசை காட்டும் வழி. பழையதைக் கழற்றும் கூலி இல்லை, இரண்டு ஷீட்டுக்கும் இடையில் இருக்கும் காற்று சூட்டையும் கொஞ்சம் தடுக்கும்.

எடையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள். புது ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோதான். 600 சதுர அடிக்கு 225 கிலோவை ஒட்டி வரும், இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் வைக்கும் இடைச்சட்டம் தனி. என் கவலை காற்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் கூரைகளைக் காற்று அடியிலிருந்து தூக்கித்தான் பிய்த்தது. புது ஷீட்டைப் பழைய தகரத்திலேயே ஸ்க்ரூ அடித்துவிட்டுப் போனால், தூக்கும்போது பிடித்துக்கொள்ள இருப்பது அந்த மெல்லிய துருத் தகரம் மட்டும்தான். ஸ்க்ரூ பழைய ஷீட்டைத் தாண்டி பர்லினைக் கடிக்க வேண்டும், அல்லது பர்லினில் பூட்டிய இடைச்சட்டத்தில் உட்கார வேண்டும்.

பர்லினே அரித்திருந்தால் இதை நினைத்தே பார்க்காதீர்கள். மேலே புதுசு வந்துவிட்டால் அடியில் நடப்பது கண்ணில் படாது. மாட்டுக்கொட்டகையில் சாணம், மூத்திரத்து அம்மோனியா அடியிலிருந்துதான் அரிக்கிறது. அங்கே இந்த வழிக்குப் பொருளே இல்லை.

## மொத்தமாக மாற்றுவது

ஸ்க்ரூ டிரைவர் மூன்று நான்கு இடத்தில் உள்ளே போய்விட்டால் வேறு எந்த வழியும் காசை இழுத்துக்கொண்டே இருக்கும். நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் இந்த நிலை சீக்கிரமே வரும்.

மாற்றுவதில் பலர் கவனிக்காத லாபம் ஒன்று உண்டு. கலர் கோட்டட் ஷீட்டை இப்போது கேட்ட நீளத்துக்கே உருட்டித் தருகிறார்கள். 20 அடிக்கு ஒரே ஷீட்டாக வாங்கினால் நடுவில் குறுக்கு லேப்பே கிடையாது. சரிவு போதாத ஷெட்டில் ஒழுகலுக்கு வேரே அந்த லேப்தான் என்பதால், இறக்கத்தை மாற்றாமலே பாதிப் பிரச்சினை போய்விடும். லாரி வர வழி இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேல்வரிசையில் புது கால்வால்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியது) அல்லது கலர் ஷீட், கீழ்வரிசையில் பெயின்ட் இல்லாத பழைய ஜிஐ என்று விடாதீர்கள். புது ஷீட்டிலிருந்து வடியும் தண்ணீர் கீழே உள்ள ஜிஐ பூச்சைச் சீக்கிரம் கரைத்துவிடும். கீழே புதுசு, மேலே பழசு என்றால் பரவாயில்லை. நல்லவேளையாக முதலில் அரிப்பதும் பெரும்பாலும் தாழ்வாரத்து வரிசைதான். ஏசி யூனிட்டின் செம்புக் குழாயில் சொட்டும் தண்ணீரையும் எந்தத் தகரத்தின் மேலும் விழ விடக்கூடாது.

வெளிச்சத்துக்கு நடுவில் பாலிகார்பனேட் ஷீட் போடுகிறவர்கள் அதன் ஓட்டையை ஸ்க்ரூவை விடப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். அது இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும். இறுக்கிப் பிடித்தால் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும்.

செலவில் மறைந்திருப்பது பர்லின். ஷீட்டைக் கழற்றிய பிறகுதான் ஆங்கிளின் மேல்முகம் எவ்வளவு அரித்திருக்கிறது என்று தெரியும். அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் கூரையைத் திறக்காதீர்கள்; திறந்த கூரையோடு பேரம் பேச முடியாது. பழைய ஷீட்டை எடை போட்டு வருவதை யார் எடுத்துக்கொள்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

## ஏறுவதற்கு முன், கையெழுத்துப் போடுவதற்கு முன்

பழைய தகரம் ஆளைத் தாங்காது. கால் வைப்பது ஸ்க்ரூ வரிசை மேல், அதாவது பர்லின் மேல் மட்டும். அதுவும் இரண்டு பர்லினைத் தாண்டி நிற்கும் நீளப் பலகை போட்டு, கயிறு கட்டிக்கொண்டு, ஈரமில்லாத நாளில். ஷெட்டுக்கு மேலே இபி லைன் போனால், நீள ஷீட்டைத் தூக்குவதற்கு முன் லைனை நிறுத்தித் தரச் சொல்லி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கொட்டேஷனில் ஷீட் கனம் 0.50 மி.மீ. என்றிருந்தால் அது வெறும் இரும்பின் கனமா, பூச்சும் பெயின்ட்டும் சேர்த்தா என்று கேளுங்கள். பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், ஸ்க்ரூ வாஷர் ஈபிடிஎம்தானா, முகட்டு கேப்பும் சுவரோரப் பட்டையும் விலையில் சேர்ந்ததா, வேலை முடிந்ததும் ஓஸ் பைப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் மீதிப் பணமா என்பதையும் எழுதி வாங்குங்கள். கடைசி வரிக்குத் தயங்குகிற ஆளிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.